யூ டர்ன்ல பைக்காரரை இடிச்சுட்டேன், கால் முறிவு: இன்சூரன்ஸ் யாருக்கு எவ்வளவு குடுக்கும், ரெண்டு லட்சம் குடுத்து வெளியவே முடிச்சுக்கலாமா?

நீங்க எழுதினதை நான் புரிஞ்சுக்கிட்டபடி ஒரு தடவை சொல்லிடறேன். அப்பா பேர்ல இருக்கற கார், ஓட்டினது நீங்க, லைசென்ஸ் சரியா இருக்கு, குடிக்கல. மீடியன் கேப்ல யூ டர்ன் எடுக்கும்போது எதிர்ல வந்த பைக்கை கவனிக்காம திருப்பிட்டீங்க. பைக்காரருக்கு கால் எலும்பு முறிவு, ஜிஎச்ல அட்மிட். முன்சீட்ல இருந்த அம்மாவுக்கு நெத்தில தையல், காருக்கு முன்பக்கம் அடி. பைக்காரரோட மச்சான் ரெண்டு லட்சம் குடுத்தா கம்ப்ளெயின்ட் இல்லாம முடிச்சுக்கலாம்ங்கறார், உங்க ஏஜென்ட் "கம்பெனிக்கு சொல்லாதீங்க சார், என்சிபி போயிடும், ப்ரீமியம் ஏறிடும்"ங்கறார் (என்சிபின்னா க்ளெய்ம் பண்ணாத வருஷங்களுக்காக ப்ரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி). கேள்வி என்னவோ "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே, க்ளெய்ம் எப்படி பண்றது"ன்னுதான் இருக்கு, ஆனா உண்மையில நீங்க தெரிஞ்சுக்க நினைக்கறது, இதை கோர்ட்டு படி ஏறாம கையோட முடிக்க முடியுமா, முடிச்சா அது நெஜமாவே முடிஞ்ச மாதிரிதானா, அதானே.

நான் ஒரு பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனில மோட்டார் க்ளெய்ம்ஸ்ல, அதுலயும் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி (வண்டியால பாதிக்கப்பட்ட வெளியாள்) ஃபைல்கள்ல ரொம்ப வருஷம் உக்காந்திருந்தவன். வக்கீல் இல்ல, அதனால போலீஸ் கேஸ் பத்தி சொல்றதை மட்டும் ஒரு வக்கீல்கிட்ட சரி பாத்துக்கோங்க. உங்க பாலிசி பேப்பரையும் நான் பாக்கல, நீங்க ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்றதை பேக்கேஜ் பாலிசின்னு, அதாவது வெளியாளுக்கும் உங்க காருக்கும் சேத்து கவர் இருக்கறதுன்னு எடுத்துக்கிட்டு பேசறேன். பாலிசி ஷெட்யூல்ல ஓன் டேமேஜ் (உங்க கார் சேதம்) ப்ரீமியம்னு ஒரு வரி, லையபிலிட்டி (வெளியாளுக்கான பொறுப்பு) ப்ரீமியம்னு ஒரு வரி, ரெண்டும் இருக்கான்னு முதல்ல பாருங்க. ஏன்னா ஃபுல் இன்சூரன்ஸ்னு நினைச்சுக்கிட்டு வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் வச்சிருக்கறவங்க நம்ம ஊர்ல கணிசமா உண்டு, அது அடிபட்டப்புறம்தான் தெரிய வரும்.

நீங்க ஒரே விஷயமா பாக்கறது உள்ளுக்குள்ள மூணு தனித்தனி விஷயம். அடிபட்டவருக்கு நஷ்டஈடு ஒண்ணு, அது மோட்டார் வாகன விபத்து ட்ரிப்யூனல் வழியா போகும், பணம் கம்பெனியோடது. உங்க கார் ரிப்பேர் ரெண்டாவது, அது உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவுல மட்டும். மூணாவது போலீஸ் கேஸ், அதுல இன்சூரன்ஸ் உள்ளயே வராது, ஃபைன் வந்தாலும் தண்டனை வந்தாலும் ஓட்டின ஆளுக்குத்தான். மச்சான் கேக்கற ரெண்டு லட்சம் இந்த மூணையும் சேத்து ஒரே பூட்டா போட்டு மூடறேன்னு சொல்ற பேச்சு. அப்படி மூடாதுங்கறதுதான் நான் இவ்வளவு நீளமா எழுதறதுக்கே காரணம்.

முதல்ல அடிபட்டவர் விஷயம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 146வது பிரிவு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுல வண்டி எடுக்கக்கூடாதுங்குது. அந்த பாலிசி உங்களை காப்பாத்தறதுக்குன்னு எல்லாரும் நினைக்கறோம், அது உங்களால அடிபட்ட ஆளை காப்பாத்தறதுக்கு வந்தது. உயிரிழப்புக்கோ காயத்துக்கோ கம்பெனி பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது, ட்ரிப்யூனல் எவ்வளவு சொல்லுதோ அவ்வளவு. நீங்க தப்பு பண்ணீங்க, அதனால கம்பெனி குடுக்காதுன்னு பயப்பட வேண்டாம், தப்பு நம்ம பக்கம் இருந்தா குடுக்கறதுக்காகத்தான் அந்த பாலிசியே. கார் அப்பா பேர்ல இருக்கறதும் பிரச்சினை இல்ல, அவர் சம்மதத்தோட லைசென்ஸ் உள்ள நீங்க ஓட்டினீங்க, அது போதும். கேஸ் போடும்போது ஆர்சி ஓனர்ங்கற முறைல அப்பாவையும் எதிர்தரப்பா சேப்பாங்க, கம்பெனியையும் சேப்பாங்க, சில வக்கீல்கள் ஓட்டுனர்னு உங்களையும் சேப்பாங்க. பேர் இருக்குங்கறதால அப்பா சொத்துக்கு ஆபத்துன்னு அர்த்தம் இல்ல.

இப்போ அந்த ரெண்டு லட்சம். நீங்க ஒரு பத்து ரூபா ஸ்டாம்ப் பேப்பர்ல "இனிமே எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு எழுதி வாங்கறீங்கன்னு வைங்க. நான் பாத்த வரைக்கும் அந்த பேப்பர் ட்ரிப்யூனல் கதவை அடைக்கறதில்ல. கையெழுத்து போட்டது பெரும்பாலும் மச்சானோ மாமனோதான், அடிபட்டவர் மயக்க மருந்துல படுத்திருப்பார். ரெண்டு மாசம் கழிச்சு ப்ளேட் வச்ச கால் சரியா சேரல, வேலைக்கு போக முடியல, யாரோ ஒரு வக்கீல் ஆஸ்பத்திரிலயே வந்து பாத்துட்டு போயிருக்கார், கேஸ் விழும். அப்போ கம்பெனிக்கு சம்மன் போகும், கம்பெனி கேக்கற முதல் கேள்வி "விபத்து நடந்ததையே எங்களுக்கு ஏன் சொல்லல". நீங்க குடுத்த ரெண்டு லட்சத்தை கம்பெனி திருப்பித் தராது. காரணம் பாலிசி கண்டிஷன்லயே இருக்கு, எழுத்துல எங்க சம்மதம் இல்லாம பொறுப்பை ஒத்துக்கறதோ, பணம் தர்றேன்னு சொல்றதோ, குடுக்கறதோ கூடாதுன்னு. பாலிசியோட வர்ற புக்லெட்ல ரெண்டாவது கண்டிஷன், யாரும் படிக்கறதில்ல.

அதுக்காக ஆஸ்பத்திரி பக்கமே போகாதீங்கன்னு சொல்லல. போய் பாருங்க. மருந்து செலவுக்கு, கூட இருக்கறவங்க சாப்பாட்டுக்கு அஞ்சோ பத்தாயிரமோ குடுக்கறது மனுஷத்தன்மை, அதை காரணமா வச்சு ஒரு கம்பெனியும் க்ளெய்மை மறுத்து நான் பாத்ததில்ல. ரொக்கமா வேண்டாம், ஜிபேல அனுப்புங்க, "மருத்துவ உதவி"ன்னு ஒரு வரி போடுங்க, கம்பெனிக்கு எழுதற லெட்டர்லயும் சொல்லிடுங்க. கூடவே அவங்களுக்கு தெரியாம இருந்தா இதையும் சொல்லுங்க: தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரிலயும் சேத்து. மத்திய அரசோட கேஷ்லெஸ் திட்டம் 2025 மே மாசத்துல இருந்து இருக்கு, 7 நாள் வரைக்கும், ஒன்றரை லட்சம் வரைக்கும். ரெண்டுக்கும் உங்க பாலிசிக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அவங்க வீட்டுல பதட்டம் பாதி ஆஸ்பத்திரி பில்லாலதான் வருது, அது குறைஞ்சா பேச்சு தொனியே மாறிடும்.

இன்னொரு யோசனையும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பாங்க, வேற ஒருத்தர் ஓட்டினதா காட்டிக்கலாம்னு. உங்களுக்கு லைசென்ஸ் இருக்கு, தேவையே இல்ல, இருந்தாலும் படிக்கற மத்தவங்களுக்காக சொல்றேன். இந்த ஆள் மாத்தற வேலை கண்டுபிடிக்கறதுக்கு ரொம்ப சுலபம். ஜிஎச்ல அடிபட்டவரை சேக்கும்போதே ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்ல, அதான் ஏஆர் காப்பின்னு சொல்றோமே, எந்த வண்டி, எத்தனை மணி, எந்த இடம்னு டூட்டி டாக்டர் எழுதிடறார். அப்புறம் சிசிடிவி, செல்போன் டவர், பக்கத்து டீக்கடைக்காரர். கம்பெனி இன்வெஸ்டிகேட்டர் ஏஆர் காப்பியையும் எஃப்ஐஆரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கறதுதான் முதல் வேலை, ரெண்டும் ஒத்துப்போகலேன்னா அங்கேயே ஃபைல் சிவப்பாயிடும். ஒண்ணுமில்லாத கேஸை ஏமாத்து கேஸா மாத்திக்கறதுக்கு இதைவிட குறுக்குவழி இல்ல.

சரி, ஒழுங்கா போனா என்ன நடக்கும். சட்டத்தோட 134வது பிரிவு ஓட்டுனருக்கு மூணு வேலை குடுக்குது: அடிபட்டவருக்கு சிகிச்சைக்கு ஏற்பாடு, 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து ஸ்டேஷன்ல தகவல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல பாலிசி நம்பர், நாள், நேரம், இடம், அடிபட்டவங்க விவரம், ஓட்டினவர் பேர் லைசென்ஸ் விவரம். கூட்டம் கூடி அடிக்க வர்ற நிலைமை இருந்தா நின்னு உதவ முடியலங்கறதை அதே பிரிவு ஏத்துக்குது, சட்டம் எழுதினவங்களுக்கும் நம்ம ஊர் கூட்டம் எப்படின்னு தெரிஞ்சிருக்கு. நீங்க ஸ்டேஷனுக்கு போகவே இல்லேன்னா நாளைக்கே போங்க, லேட்டுதான், போகாம இருக்கறதுக்கு இது பரவாயில்ல. முதல்ல சிஎஸ்ஆர் (எஃப்ஐஆருக்கு முன்னாடி புகாரை பதிஞ்சு குடுக்கற ரசீது) போடுவாங்க, முறிவுன்னு ஆஸ்பத்திரி தகவல் வந்தா எஃப்ஐஆர் ஆயிடும். காரை ஸ்டேஷன்ல நிறுத்துவாங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாத்து ரிப்போர்ட் குடுத்தப்புறம் ரிலீஸ். இன்சூரன்ஸ் செல்லுபடில இருந்தா ரிலீஸ் பெரிய தலைவலி இல்ல.

2022 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கற விதிப்படி போலீஸ் 48 மணி நேரத்துல முதல் விபத்து அறிக்கை, 90 நாளுக்குள்ள விரிவான அறிக்கை ட்ரிப்யூனலுக்கே அனுப்பணும். காகிதத்துல அழகா இருக்கு, நடைமுறை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். அடிபட்டவர் 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னும் அதே நாள்ல நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் சொல்லுது, ஆனா அந்த காலக்கெடுவே சுப்ரீம் கோர்ட்ல கேள்விக்குள்ளாகி நிக்குது, அதனால ஆறு மாசம் ஓடிட்டா தப்பிச்சோம்னு நாள் எண்ணாதீங்க. மனு போட்டா சென்னைன்னா ஸ்மால் காசஸ் கோர்ட்ல, மத்த ஊர்னா மாவட்ட கோர்ட் வளாகத்துல வரும். அடிபட்டவர் அவர் குடியிருக்கற ஊர்லயே போடலாம், அதனால சம்மன் நீங்க எதிர்பாக்காத ஊர்ல இருந்து வரலாம்.

எவ்வளவு வரும்னு கேக்காதீங்க, முறிவு எப்படி சேருதுங்கறது தெரியாம யார் சொன்னாலும் அது குறி சொல்றது மாதிரிதான். எப்படி கணக்கு போடுவாங்கன்னு மட்டும் சொல்றேன். மருத்துவ பில், கூட இருந்தவர் செலவு, சத்தான உணவு, போக்குவரத்து, வேலைக்கு போகாத மாசங்களோட வருமானம், வலி வேதனைக்கு ஒரு தொகை, இதெல்லாம் தனித்தனி தலைப்பு. ஊனம் நிலைச்சு நின்னா ரெண்டு வழி. சம்பாதிக்கற திறனை பெருசா பாதிக்கலேன்னா ஒரு பர்சென்ட் ஊனத்துக்கு இத்தனை ஆயிரம்னு நம்ம ட்ரிப்யூனல்கள்ல குடுக்கறது வழக்கம். திறனையே பாதிச்சுட்டா 2009ல சுப்ரீம் கோர்ட் சரளா வர்மா வழக்குல வகுத்த மல்டிப்ளையர், அதாவது வருஷ இழப்பை வயசுக்கு ஏத்தபடி பெருக்கற எண், வரும். உதாரணத்துக்கு 32 வயசு, மாசம் 15,000 வருமானம், சம்பாதிக்கற திறன்ல 10 பர்சென்ட் இழப்புன்னு வைங்க. அந்த வயசுக்கு மல்டிப்ளையர் 16. வருஷ வருமானம் 1,80,000, அதுல பத்துல ஒண்ணு 18,000, அதை 16ஆல பெருக்கினா 2,88,000. எதிர்கால வருமான உயர்வுன்னு 40 பர்சென்ட் சேத்தா 4,03,200. இது அந்த ஒரு தலைப்புக்கு மட்டும், மேல வட்டி, ஏழரை பர்சென்ட் பக்கம் வழக்கமா வரும். இப்போ மச்சான் சொல்ற ரெண்டு லட்சத்தை பாருங்க. முறிவு நல்லா சேந்துட்டா அது உங்களுக்கு அதிகம், சேரலேன்னா அவருக்கு கம்மி, ரெண்டுலயும் யாரோ ஒருத்தர் ஏமாறறீங்க. அவர் ஹெல்மெட் போடல, வேகமா வந்தார்னு அவர் பங்கு தப்பு இருந்தா அதை கம்பெனி வக்கீல் சொல்லி குறைக்கப் பாப்பார், அது உங்க கவலை இல்ல. நிறைய கேஸ் லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) கம்பெனியும் அவரும் பேசியே முடிஞ்சுடும். சமாதானம் வேணும்னா அதுதான் இடம், ஏன்னா அங்க கையெழுத்தாகற பேப்பர்தான் நெஜமா பூட்டு.

கம்பெனி எப்போ உங்க பக்கம் திரும்பும்ங்கறதையும் தெரிஞ்சுக்கணும். லைசென்ஸ் இல்ல, அந்த வகை வண்டிக்கான லைசென்ஸ் இல்ல, ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால், வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டினது, இந்த மாதிரி. அப்பவும் பெரும்பாலும் அடிபட்டவரை வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க, கம்பெனியை முதல்ல குடுக்கச் சொல்லி அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்வாங்க, சுப்ரீம் கோர்ட்டோட 2004 ஸ்வரண் சிங் தீர்ப்புல இருந்து வர்ற வழக்கம் இது. அந்த வசூல் நோட்டீஸ் வர்ற வீட்டைப் பாத்திருக்கேன், நல்லா இருக்காது. உங்க கேஸ்ல இந்த ஆபத்து எதுவும் தெரியல, நீங்க சொன்னது அத்தனையும் உண்மையா இருக்கற வரைக்கும். பாலிசியே காலாவதின்னா கதையே வேற, முழு தொகையும் ஓனர் தலைல, விபத்துக்கு அப்புறம் அவசரமா ஆன்லைன்ல போட்ட பாலிசி உதவாது, ஆரம்பிக்கற மணி நிமிஷம் வரைக்கும் அதுல இருக்கு.

அம்மா விஷயம் கொஞ்சம் நுணுக்கம். ரோட்டுல நடக்கறவர், அடுத்த வண்டிக்காரர் எல்லாரும் சந்தேகமில்லாம தேர்ட் பார்ட்டி. உங்க கார்லயே உக்காந்து வந்தவங்க? வெறும் ஆக்ட் பாலிசின்னா (சட்டம் கேக்கற தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ளது) தனியார் கார்ல சும்மா கூட வந்தவங்களுக்கு கவர் இல்லன்னுதான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் போயிருக்கு, பேக்கேஜ் பாலிசின்னா உண்டு. இதே சிக்கல்லதான் 2021 ஆகஸ்ட்ல மெட்ராஸ் ஹைகோர்ட் எல்லா புது வண்டிக்கும் அஞ்சு வருஷம் பம்பர் டு பம்பர், அதாவது எல்லாத்தையும் சேத்த முழு கவர், கட்டாயம்னு ஒரு உத்தரவு போட்டு, டீலர்லாம் அலறி, செப்டம்பர்லயே அதை வாபஸ் வாங்கினாங்க, ஞாபகம் இருக்கலாம். நாலு தையலுக்காக அம்மா ட்ரிப்யூனல் போகப்போறதில்ல, வீட்டுல மெடிக்ளெய்ம் இருந்தா அட்மிட் ஆகியிருந்தா அதுல போடுங்க. பாலிசில 15 லட்சம் பெர்சனல் ஆக்ஸிடென்ட்னு ஒரு வரி இருக்குமே, அது ஆர்சி ஓனருக்கு, அதாவது அப்பாவுக்கு. ஓட்டினது நீங்களா இருந்தா உங்களுக்கு அது பேசாது.

பைக் ரிப்பேருக்கு என்னன்னா, தேர்ட் பார்ட்டி சொத்து சேதத்துக்கு தனியார் கார் பாலிசில வழக்கமா ஏழரை லட்சம் வரைக்கும் இருக்கும். ஆனா அதுவும் ட்ரிப்யூனல் வழிதான், சர்வீஸ் சென்டர்ல பில் காட்டி உங்க பாலிசில வாங்கிக்க முடியாது. அதனால நடைமுறைல அவர் பைக்குக்கு ஓன் டேமேஜ் இருந்தா அவர் பாலிசிலயே போட்டு முடிச்சுடுவார். யாருக்கும் காயமே இல்லாம பம்பர் மட்டும் உரசின கேஸ்ல ரெண்டு பேரும் பேசி ஐயாயிரம் குடுத்து கிளம்பறதை நானும் தப்புன்னு சொல்ல மாட்டேன், உங்களோடது அது இல்ல.

இப்போ உங்க கார். ஏஜென்ட் சொன்னதுல பாதி தப்பு, பாதி அரைகுறை. தேர்ட் பார்ட்டி ப்ரீமியம் அரசு அறிவிக்கற கட்டணம், 2022 ஜூன் 1ல வந்த பட்டியல்படி 1000 சிசி வரைக்கும் 2,094, 1500 வரைக்கும் 3,416, அதுக்கு மேல 7,897. நீங்க பத்து விபத்து பண்ணினாலும் பக்கத்து வீட்டுக்காரர் கட்டற அதே தொகைதான். என்சிபிங்கறது ஓன் டேமேஜ் ப்ரீமியத்துல மட்டும் குடுக்கற தள்ளுபடி, உங்க கார் ரிப்பேருக்கு க்ளெய்ம் பண்ணினா போகும். அடிபட்டவர் ட்ரிப்யூனல் போறதால போகாது. விபத்தை கம்பெனிக்கு தெரியப்படுத்தறது வேற, ரிப்பேருக்கு க்ளெய்ம் போடறது வேற, இந்த ரெண்டையும் ஏஜென்ட் ஒண்ணாக்கிட்டார்.

ரிப்பேருக்கு போடணுமா வேண்டாமான்னு நீங்களே கணக்கு போடலாம். கார் மூணரை வயசு, 1500 சிசிக்கு உள்ள, ஸீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லன்னு வைங்க, ஜிஎஸ்டியை விட்டுடுவோம். பில்லுல பம்பர் 8,000, பானட் 12,000, பெயின்டிங் 10,000, லேபர் 6,000, ஆக 36,000. ப்ளாஸ்டிக்குக்கு பாதி தேய்மானம், 4,000 போச்சு. மெட்டல் மூணுல இருந்து நாலு வயசுக்குள்ள 25 பர்சென்ட், 3,000 போச்சு. பெயின்டிங் மொத்தத்துல கால்வாசியை மெட்டீரியல்னு எடுத்து அதுல பாதி, 1,250. ஒவ்வொரு க்ளெய்ம்லயும் நீங்களே ஏத்துக்க வேண்டிய கட்டாய கழிவு 1,000. மொத்தம் 9,250 உங்க கைல இருந்து, கம்பெனி 26,750. இழக்கற என்சிபி? இப்போ 35 பர்சென்ட்ல இருந்தா அடுத்த ரென்யூவல்ல 45 ஆகியிருக்கும், அப்புறம் 50லயே நிக்கும். க்ளெய்ம் போட்டா பூஜ்யத்துல இருந்து 20, 25, 35, 45, 50ன்னு மறுபடி ஏறணும். வித்தியாசத்தை கூட்டினா 45, 30, 25, 15, 5, மொத்தம் 120 பர்சென்ட். தள்ளுபடிக்கு முன்னாடி ஓன் டேமேஜ் ப்ரீமியம் வருஷம் 10,000 மாறாம இருந்தா அஞ்சு வருஷத்துல 12,000 இழப்பு, கார் பழசாக ப்ரீமியம் குறையும்ங்கறதால இன்னும் கம்மிதான். 26,750 வர்ற இடத்துல 12,000க்கு பயப்படறது அர்த்தமில்ல. கைக்கு எட்டோ ஒம்பதோ ஆயிரம்தான் வரும்னா சொந்தக் காசுல பாத்துக்கோங்க, அங்க ஏஜென்ட் சொல்றது சரி. கம்பெனி அனுப்பற சேத மதிப்பீட்டாளர், அதான் சர்வேயர், பாக்கறதுக்கு முன்னாடி மட்டும் கழட்டி மாட்ட விடாதீங்க. கம்பெனி நியாயமில்லாம மறுத்தா முதல்ல அவங்க குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுதி ஒரு மாசம் பாருங்க, அப்புறம் சென்னைல இருக்கற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன், 50 லட்சம் வரைக்கும், செலவில்லாம. அது உங்க ஓன் டேமேஜுக்கு மட்டும், அடிபட்டவர் க்ளெய்முக்கு இல்ல.

போலீஸ் கேஸ்ல எனக்கு உறுதியா தெரிஞ்சது கொஞ்சம்தான். 2024 ஜூலை 1க்கு அப்புறம் நடந்ததுன்னா பாரதிய நியாய சன்ஹிதா, அதுல 281 கவனக்குறைவா ஓட்டினது, எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்ங்கறதால 125ன் பி. ஜாமீன்ல விடக்கூடிய பிரிவுகள். இதுல நிறைய பேர் பண்றது, முதல் வாய்தாவுலயே குத்தத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடறது. அது உங்க வசதி, ஆனா அந்த தீர்ப்பு நகலை அடிபட்டவர் வக்கீல் ட்ரிப்யூனல்ல தாக்கல் பண்ணுவார், தப்பு யார் மேலங்கறதுல கம்பெனிக்கு பேச இடம் சுருங்கிடும். உங்க கேஸ்ல நீங்களே தப்பு என்மேலன்னு சொல்றீங்க, அதனால பெரிய வித்தியாசம் வராதுன்னு என் கணிப்பு. எதிர் வண்டியும் பாதி காரணமா இருந்த கேஸ்ல நான் அவசரப்பட மாட்டேன். இதைத்தான் வக்கீல்கிட்ட கேக்கச் சொன்னேன்.

ஆக இந்த வாரத்துல: கம்பெனி டோல்ஃப்ரீ நம்பர்ல சொல்லி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்க, அதோட நிக்காம ஈமெயில்லயும் நடந்ததை நடந்தபடி நாலு வரி. தப்பு என்மேலன்னு எழுத வேண்டாம், எதிர்ல வந்தவர் மேல பழி போடவும் வேண்டாம், எங்க எப்படி திரும்பினீங்க, எங்க பட்டுச்சு, அவ்வளவு. லைசென்ஸ், ஆர்சி, பாலிசி, சிஎஸ்ஆர் அல்லது எஃப்ஐஆர் காப்பி ஒரு ஃபோல்டர்ல போடுங்க. மச்சான்கிட்ட மரியாதையா "அண்ணே, இன்சூரன்ஸ்ல முறைப்படி வாங்கிக்கோங்க, நான் எந்த கையெழுத்துக்கும் வர்றேன், பாலிசி நம்பர் இந்தாங்க"ன்னு சொல்லுங்க. பாதி பேர் அதுலயே அடங்கிடுவாங்க, ஏன்னா அவங்க பயம் நீங்க ஓடிடுவீங்கன்னுதான்.

சம்மன் வர்றப்போ வருஷம்கூட ஆகியிருக்கலாம், ஆர்சில இருக்கற அட்ரஸுக்கு அப்பா பேர்ல வரும், வீடு மாறியிருந்தா முதல்ல அதை மாத்துங்க. வந்ததும் பாத்துக்கலாம்னு அலமாரில வைக்காம காப்பியை கம்பெனியோட லீகல் பிரிவுக்கு அனுப்பி அக்நாலெட்ஜ்மென்ட் வாங்குங்க, அதோட லைசென்ஸ் நகலும். அப்பா ஆஜராகாம எக்ஸ்பார்ட்டி ஆனாலும், அதாவது அவர் இல்லாமலே கேஸ் நடந்தாலும், கம்பெனி வக்கீல் வழக்கை நடத்துவார், பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா லைசென்ஸ் பத்தி கம்பெனி ஏதாவது ஒரு சந்தேகம் கிளப்பி, பதில் சொல்ல உங்க பக்கம் ஆளே இல்லேன்னா, நான் மேல சொன்ன வசூல் உத்தரவு அந்த வழியாத்தான் வரும்.